அண்ணையின்ர டிஸ்க்

என்ர கொம்பியூட்டர் நிரம்பி வழிஞ்சு கிடந்தது. கலியாணவீடு, முதல்நன்மை, செத்தவீடு எண்டு ஊருக்குள்ளை படம் எடுக்கிறவன் நான். எடுத்ததிலை ஒண்டையும் அழிக்க எனக்கு மனம் வராது. புது ஹாட் டிஸ்க் ஒண்டு வாங்கச் சொல்லி மனுசி ஒரே கரைச்சல். அண்ணையின்ர பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி அலுமாரிக்குப் பின்னாலை சும்மா கிடக்கேக்கை நான் ஏன் வாங்க வேணும்? அதுக்குள்ளை இருக்கிற டிஸ்க்கைக் கழட்டி என்ர பெட்டியிலை ரெண்டாவதாப் பூட்டினாப் போச்சு.

அண்ணை போன மாரியிலை செத்தவர். கடல் தொழிலுக்குப் போன இடத்திலை, வள்ளத்துக்குள்ளையே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர். அந்தக் கிழமைதான் பிரான்சிலை அம்மாவுக்கு இருதய ஒப்பரேசன். அம்மாவை வைச்சுப் பாக்கிற அக்கா, ரெலிபோனிலை அழுதுகொண்டே கட்டளை போட்டா: "அம்மாவுக்கு இதைப் பற்றி மூச்சும் விடப்படாது, தம்பி." கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லுவம் எண்டு விட்டம். அம்மா தேறினா, சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. அண்ணை முல்லைத்தீவுப் பக்கம் கரையிலை கொட்டில் கட்டி, வாடி போட்டுத் தொழில் செய்யிறார், அங்கை கவரேஜ் இல்லை எண்டு சொல்லி வைச்சம். எங்கடை மண்டைதீவுச் சனம் சீசனுக்கு அப்பிடிப் போய்த் தங்கிறது வழமைதானே. அம்மா நம்பினா.

ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்து ரெண்டு பெட்டியையும் திறந்தன். உப்புக்காத்திலை ஸ்குறூ எல்லாம் கறள். ஒண்டு தலை தேஞ்சு, வரவே மாட்டன் எண்டு நிண்டுது. உள்ளுக்கை பல்லிமுட்டை வேறை. எல்லாத்தையும் தூசு தட்டி, அண்ணையின்ர டிஸ்க்கை என்ர பெட்டியிலை வெறுமனே கிடந்த தட்டிலை முறுக்கி, கரண்ட் வயரையும் மற்ற வயரையும் குத்தினன். தூசு தட்டக் கழட்டின என்ர டிஸ்க்கின்ர வயரையும் திருப்பிக் குத்தினன். அதிலைதான் பிழை விட்டன். முதலாம் இடத்திலை அண்ணையின்ரயும் ரெண்டாம் இடத்திலை என்ரயும் போய்ச் சேந்திட்டுது. கொம்பியூட்டருக்கு அண்ணை என்ன, தம்பி என்ன? முதலாம் இடத்திலை இருக்கிறதைத்தான் அது எழுப்பும்.

சுவிச்சைப் போட்டன். கனநேரம் எடுத்தது. பிறகு பாத்தால், திரை நிறைய அண்ணையின்ர வள்ளம். அவர் தன்ர கையாலை வைச்ச படம். அணைக்கவும் ஏலாது, பாத்துக்கொண்டிருக்கவும் ஏலாது. அதுக்கிடையிலை, அவர் அம்மாவோடை கதைக்கிறதுக்கு வைச்சிருந்த அந்தப் புரோகிராம் தானாத் திறந்து, அவற்ற பேருக்குப் பக்கத்திலை பச்சை லைற் பத்திச்சுது. லைற் பத்தினதுதான் தாமதம், பிரான்சிலை இருந்து அழைப்பு.

அடிக்க விட்டிருக்கலாம். ஆனா எடுக்காட்டில் அம்மா என்னத்தை நினைப்பா? ஹெட்போனை மாட்டினன். கமெரா இல்லை. அண்ணை ஒருநாளும் முகம் காட்டிக் கதைச்சதில்லை.

"வாடியாலை வந்திட்டியோ ராசா?"

அண்ணை கதைக்க முதல் ஒருக்காத் தொண்டையைச் செருமுவார். நான் செருமினன். ஏன் செருமினன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. "ஓம் அம்மா" எண்டன். எங்கடை ரெண்டு பேற்ற குரலும் ஒரே குரல். சின்னனிலை இருந்தே ரெலிபோனிலை ஆக்கள் ஆள் மாறித்தான் கதைக்கிறவை. அண்ணையின்ர செருமலும் மெல்லக் கதைக்கிற விதமும்தான் வித்தியாசம்.

அம்மா அழுதா, ஏசினா, பிறகு சிரிச்சா. பின்னேரம் அக்கா எடுத்தா. "இண்டைக்குத்தான் அம்மா கோப்பையை வழிச்சுச் சாப்பிட்டவ. கிழமைக்கு ஒருக்கா இப்பிடிச் செய், தம்பி" எண்டா.

வயரை மாத்தாமல் அப்பிடியே விட்டன். பெட்டியைப் போடேக்கை கீபோட்டிலை ஒரு கட்டையை அமத்தினால் எந்த டிஸ்க் எண்டு அது கேக்கும். கிழமை நாளிலை என்ரயை எழுப்புவன், ஞாயிற்றுக்கிழமையிலை அண்ணையின்ரயை. அண்டைக்கு அண்ணை வாடியாலை வீட்டை வந்து நிக்கிறார் எண்டு அம்மாவுக்குச் சொல்லி வைச்சன்.

அம்மா மூத்தவனோடை மனம் விட்டுக் கதைப்பா. என்னோடை கதைச்சால் மழை பெய்ததோ, சாப்பிட்டியோ, அவ்வளவுதான். "சின்னவனுக்கு மூக்கு நுனியிலை கோவம். நீதான் அவனைப் பாத்துக்கொள்ள வேணும்" எண்டு என்னைப் பற்றி எனக்கே சொல்லுவா. நான் செருமிப்போட்டு "ஓம்" எண்டுவன். செத்த மனுசனிலை எனக்குப் பொறாமை வந்தது. வெக்கமாத்தான் இருக்கு, ஆனா வந்தது. நான் நானாக அம்மாவுக்கு எடுக்கிறதை மெல்ல மெல்லக் குறைச்சன். ரெண்டு குரலையும் கிட்டக்கிட்டக் கேட்டால் பிடிச்சுப்போடுவா எண்ட பயம். பிறகு எடுக்கிறதையும், அம்மா எடுத்தால் தூக்கிறதையும் விட்டிட்டன். "இப்ப என்னோடை கதைக்கேக்கையும் செருமிறியள்" எண்டு மனுசி ஒருநாள் சொன்னா. நான் அவவிலை பாய்ஞ்சு விழுந்தன்.

நத்தார் கிட்டடியிலை ஒரு ஞாயிறு பின்னேரம், அம்மா கேட்டா: "இண்டைக்குச் செபமாலை சொல்லுவம் ராசா, முந்தின மாதிரி. நீ முன்பாதியைச் சொல்லு, சின்னவன் மறுபாதியைச் சொல்லட்டும். நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். அவன் பக்கத்திலைதானே?"

எங்கடை வீட்டிலை அதுதான் முறை. ஒவ்வொரு செபத்திலையும் அண்ணை முன்பாதியைச் சொல்லி நிப்பாட்ட, நான் மறுபாதியைச் சொல்லி முடிப்பன். "ஓம், பக்கத்திலைதான்" எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன்.

செருமினன். முன்பாதியைச் சொல்லி நிப்பாட்டினன். இனி என்ர பங்கு. மரண நேரத்திலை எங்களுக்காக மன்றாடச் சொல்லி மாதாவைக் கேக்கிற பாதி அது. வாயைத் திறந்தன். முதல் செருமல்தான் வந்தது. பிறகு வந்ததும் அண்ணையின்ர குரல்தான்.

"நீ சொல்லாதை" எண்டா அம்மா. "சின்னவன் சொல்லட்டும்."

திரும்பவும் சொல்லத் தெண்டிச்சன். நான் எப்பிடிக் கதைக்கிறனான் எண்டு நினைச்சு நினைச்சுப் பாத்தன். பயம் பிடிச்சிட்டுது. முன்னாலை திரையிலை வள்ளம் அப்பிடியே நிண்டது.

திரும்பவும் செருமல்தான் வந்தது.

"எவ்வளவு காலமா அவன் எனக்கு எடுக்கேல்லை" எண்டா அம்மா. குரல் சரியா இறங்கிப் போச்சு. "எல்லாருமாச் சேந்து எனக்கு ஒளிக்கிறியள், என்ன? நீயாவது உண்மையைச் சொல்லு ராசா. சின்னவன் எப்ப செத்துப்போனவன்?"