கிளை வெட்டாதே என்ற ஒப்பந்தமும் வில்கமுவப் பயணமும்

மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் உள்ள என் ஒன்றரை ஏக்கர் மிளகுத் தோட்டத்தைக் காபன் கிரெடிட் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு கம்பனி இந்த மாசியில் ஒப்பந்தம் நீட்டியது. மரங்கள் சேர்த்துவைக்கும் காபனை அளந்து வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு விற்பார்களாம். நமக்கும் பங்கு உண்டாம். ஆனால் முப்பது வருடத்துக்குக் கிளைகூட வெட்டக் கூடாது. மிளகுக்கொடி படரும் கிளிரிசிடியா மரங்களைக் கிளை கழித்துக் கவ்வாத்து செய்யாவிட்டால் நிழல் அடைத்து ஒரு சரமும் காய்க்காது என்றேன். "ஐயா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்றார் கம்பனி அலுவலர். நாற்பத்தொரு பக்கத்தையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எனக்கு விளங்கியது. அவருக்குத்தான் மிளகு விளங்கவில்லை.

கையெழுத்திட ஒரு வாரம் இருந்தது. இதே கம்பனியோடு ஏற்கெனவே சேர்ந்த வில்கமுவ விவசாயிகளைப் பார்க்கப் புறப்பட்டேன். காலை 5.20 பஸ்ஸில் மாத்தளை, ஐம்பது ரூபாய். 6.15க்கு வில்கமுவப் பக்கம் போகும் ஹெட்டிப்பொல பஸ். மலைப்பாதையில் நான்கு மணி நேரம், 340 ரூபாய். தலைசுற்றுபவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு த்ரீவீல்காரர் ஆயிரம் கேட்டார். ஏன் என்றேன். "திரும்பி வர்றப்ப யானை நின்னா நான்தானே காத்திருக்கணும் மாத்தயா" என்றார் சிங்களத்தில். எழுநூறுக்கு இறங்கினார்.

விவசாயக் குழுவின் செயலாளர் பரீதா மாத்தளைக்காரி, கல்யாணமாகி அங்கே போனவர். அவருடைய வரப்போரம் ஏழு நாவல் மரங்கள் சாய்ந்து கிடந்தன.

"பாத்தியா மகள், இந்தத் திட்டம் சரிவராதுண்டு நான் நெனச்சது சரி. யானை தள்ளிட்டா காபன் எங்க போகும்?" என்றேன்.

"ரொம்ப சந்தோசப்படாதீங்க ஐயா. அது யானைட பங்கு. பத்து மரம் நட்டா எட்டு மரத்துட காபனத்தான் விக்கிறோம். ரெண்டு, யானைக்கும் தீக்கும் ஒதுக்கினது."

கவ்வாத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"மொத வருசம் நாங்களும் ஏமாந்தோம். கிளை அடர்ந்து நிக்கிற நேரம் அளந்துட்டுப் போனாங்க. பொறகு நாங்க தழைய வெட்டி வயலுக்குப் பசளையாப் போட்டோம். அடுத்த வருசம் மரம் சின்னதாப் போச்சுண்டு காசு எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாங்க. இப்ப வெட்டின பொறகுதான் அளக்க விடுறோம். எழுத்துலயும் வாங்கிட்டோம்."

அவர்களுடைய ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்த பதினேழாம் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, வரப்பில் நின்றே அலுவலருக்குப் போன் செய்தேன். ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது என்றார். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"இத ஒங்களுக்கு யாரு காட்டினது?"

"யானை" என்றேன். பரீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பும் கடைசி பஸ் 2.30க்கு, தவறவிட்டால் தங்க இடமில்லை. போகிறவர்கள் மூன்று கேள்விகளோடு போங்கள்: எப்போது அளப்பார்கள், அழிந்த மரத்துக்கு யார் பொறுப்பு, கம்பனி மூடினால் காணி என்னாகும். முதல் இரண்டுக்கும் வில்கமுவவில் பதில் கிடைத்தது. மூன்றாவதற்கு யாரிடமும் இல்லை. அதனால் ஒன்றரை ஏக்கரையும் கொடுக்கவில்லை, அரை ஏக்கர் மட்டும்.

திருத்திய பக்கம் வியாழன் மாலை வந்தது. கவ்வாத்து செய்யலாம், அதற்குப் பிறகே அளவு என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு வயது எழுபத்தொன்று. நான் பெற்ற மகளையும் அழைத்துப்போய் என் பெயருக்குக் கீழே கையெழுத்து வைக்கச் சொன்னேன். முப்பதாம் வருடம் அளவுநாடா கொண்டுவருகிறவர்களோடு அவள்தான் சண்டை பிடிக்க வேண்டும். பிடிப்பாள்.