மூன்று சர்ச்சுப் பொட்டலங்கள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் என் த்ரீவீலருக்கு மூன்று சர்ச். காலையில் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு சிங்களச் சர்ச், மத்தியானம் தெரணியகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சர்ச், சாயங்காலம் இரத்தினபுரியில் இங்கிலீஷ் சர்ச். மூன்றுக்கும் ஒரே போதகர்தான், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஐம்பது வயது அம்மா. பஸ்ஸை நம்பினால் ஒரு சர்ச்சில் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சர்ச்சுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள் என்று என்னைப் பேசி வைத்திருந்தார். நானோ மாரியம்மன் கோயில்காரன். நெற்றியில் விபூதி, கண்ணாடிக்கு மேலே முருகன் படம். ஏறும்போது அவர் முருகனைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். நானும் அவர் மடியிலிருக்கும் பைபிளைப் பார்ப்பேன், ஒன்றும் சொல்லமாட்டேன்.

அந்த வருடம் என் மனைவி முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை நாலாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லயத்து அறையில் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி நாள் முழுக்கப் படுத்திருந்தாள். நான் வெளியில் வாய் கிழியப் பேசித் திரிந்தாலும், உள்ளுக்குள் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

பயந்தவன் என்ன செய்வான்? யார் எதைக் கொடுத்தாலும் கையை நீட்டினேன். வெள்ளிக்கிழமை எங்கள் கோயில் பொங்கலும் விபூதியும். போயா பௌர்ணமியில் புத்த பன்சலையில் பிக்கு ஓதிக் கொடுத்த, மணிக்கட்டில் கட்டும் பிரித் நூல். எல்லாம் அவளுக்குத்தான். கும்பிடப் போனவர் கும்பிட வரமுடியாதவருக்கு ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் எங்கள் ஊரில் கும்பிட்டது நிறையும். வெறுங்கையோடு வீடு திரும்புவது எனக்குப் பழக்கமில்லை.

"கையில இன்னும் எடம் இருக்குங்க," என்பாள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி. "எந்தச் சாமியாச்சும் பாக்கி இருந்தா கூட்டிட்டு வாங்க."

பாக்கி இருந்தது சர்ச்தான். அதுவரை மூன்று இடத்திலும் வெளியே வண்டிக்குள் படுத்துப் பேப்பர் படிப்பதுதான் என் வழிபாடு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு, சாரல் வண்டிக்குள்ளேயே அடித்தது. சிங்களச் சர்ச்சின் வாசலில் வெள்ளை ஒசரிச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மா நின்று, "மல்லி, உள்ளே வா" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கூப்பிட்டார். ரிட்டயரான டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் அகரம் போட்டவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். டீச்சர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. செருப்பை வாசலில் கழற்றினேன். உள்ளே பார்த்தால் எல்லோருடைய காலிலும் செருப்பு. என் வெறும் காலை வாங்குப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினைந்து பேர் இருப்பார்கள். சேர்பினா ஆர்மோனியப் பெட்டியை ஒருவர் நிதானமாக அமுக்க, அவர்கள் பாடியது பால் காய்ச்சுவதுபோல் மெல்ல ஏறி மெல்லப் பொங்கியது. போதகரம்மா சிங்களத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். தடுக்கிய இடத்திலெல்லாம் டீச்சர் முன்வரிசையிலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.

மத்தியானம் தோட்டத்துச் சர்ச்சிலும் துணிந்து உள்ளே போனேன். அங்கே செருப்பு வெளியேதான், பாயில்தான் உட்காரவேண்டும், அப்பாடா என்றிருந்தது. காலையில் கேட்ட அதே மெட்டு! ஆனால் இங்கே டோலக், கைத்தட்டல், கஞ்சிரா என்று பாட்டு மலை இறங்கும் லொறிபோல ஓடியது. சாயங்காலம் இரத்தினபுரியில் மறுபடியும் அதே மெட்டு, ஆர்கனில். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்த ஒரு பறங்கிப் பெரியவர் வாசித்தார். எல்லோரும் எழுந்தால் நான் எழுந்தேன், அவர்கள் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தேன். எப்போதும் ஒரு தாளம் பிந்தித்தான். திரும்பி வரும்போது அந்த மெட்டை விசிலடித்துக்கொண்டே வந்தேன். பின்னால் போதகரம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த மாத முதல் ஞாயிறு சிங்களச் சர்ச்சில் பாண் ரொட்டித் துண்டு கொடுத்தார்கள். எல்லோரும் முன்னால் போய் மரத் தடுப்போரம் முழங்காலில் நின்று கையை நீட்டினார்கள். எனக்கு வேறு என்ன தோன்றும்? பிரசாதம். கடைசி ஆளாகப் போய் நானும் முழங்காலில் நின்றேன். போதகரம்மா என்னைப் பார்த்துக் கண நேரம் தயங்கினார். பிறகு துண்டு என் உள்ளங்கையில் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு, சலவை செய்த கைலேஞ்சித் துணியில் பத்திரமாகச் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

சேர்பினா நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "கெதரட்டத?" வீட்டுக்கா என்று.

"ஆமாம், என் பெண்சாதிக்கு. எழுந்து நடக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள்," என்றேன் சிங்களத்தில். அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டிருக்கும். யாரோ இருமினார்கள். போதகரம்மா இறங்கி வந்து கையை நீட்டினார்.

"தம்பி, இதை இப்பிடிக் கொண்டுபோறதில்லை. தாரும்."

கொடுத்துவிட்டேன். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

தெரணியகலை ரோட்டில் குழிகளைப் பார்க்காமல் ஓட்டினேன், வேண்டுமென்றேதான். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் திருவிருந்து, அதையும் அங்கேயே சாப்பிடவேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்தார். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க கோயில்ல நீ யாருன்னு கேட்டுட்டா விபூதி குடுக்கிறாங்க?"

"அது வேற, இது வேற, தம்பி."

"சரிம்மா. எங்க கோயில் பொங்கல் குடுத்தா நீங்க சாப்பிடுவீங்களா?"

தோட்டத்துச் சர்ச்சில் இறங்கும்போதுதான் சொன்னார்: "சின்னனில இருந்து சாப்பிட்டதில்லை. எங்கட வீட்டில விடுறேல்லை." பொய் சொல்லாத மனுஷி. அதனால் கோபம் இன்னும் கூடியது.

வீட்டில் மனைவி, "இன்னைக்கு என்ன கொண்டாந்தீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "பரவாயில்லங்க," என்றாள் சிரித்தபடி. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கையில் வந்ததைத் திருப்பிக் கொடுத்ததால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பைத்தியக்காரத்தனமாகப் பயந்தேன்.

அடுத்த ஞாயிறு வண்டிக்குள்ளேயே கிடந்தேன். வெயில் நன்றாக இருந்ததால் யாரும் கூப்பிடவும் காரணமில்லை. பாட்டு ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார், பின்னாலேயே போதகரம்மா. டீச்சர் கையில் சோறு கட்டும் லன்ச் ஷீட்டில் ஒரு பொட்டலம். பிரித்தால் சதுரமாக வெட்டிய கிரிபத் பாற்சோறு, ஓரத்தில் ஒரு கட்டி கித்துள் கருப்பட்டி.

"பாணைக் கொண்டுபோக முடியாது, அது எங்கள் சட்டம்," என்றார் டீச்சர். "இதைக் கொண்டுபோகலாம். காலையிலிருந்து திருவிருந்து மேசைக்கு முன்னால் வைத்து, உன் பெண்சாதிக்காக எல்லோரும் ஜெபம் பண்ணினோம். எங்கள் வீட்டிலும் நாலு வருடமாக எழுந்து நடக்காத ஆள் ஒருவர் இருக்கிறார். வீட்டில் இருப்பவர் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்பார் என்பது எனக்குத் தெரியும்."

என் முறைப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அழுகை வந்ததை மறைக்க வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

போதகரம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? மத்தியானமே தோட்டத்துச் சர்ச்சில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சிங்களச் சனம் செய்ததற்கு நாம் குறைந்தவர்களா என்று அங்கே தேங்காய் ரொட்டியும் காரமான கட்டசம்பலும் தயாராயின. இரத்தினபுரியில் ஆர்கன் வாசிக்கும் பெரியவரின் மனைவி, முந்திரிப் பருப்பு போட்ட கேக்கைக் காகிதத்தில் மடித்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் சர்ச்சுக்காரர்கள் எதையும் சத்தமில்லாமல்தான் செய்வார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மூன்று பொட்டலம். நானும் மறுபடி உள்ளே போனேன். மூன்று பாஷையிலும் பாட்டு வந்துவிட்டது, இங்கிலீஷுக்கு மட்டும் வாயசைப்பு. படுத்திருந்தவள் ஞாயிறு சாயங்காலத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். "இன்னைக்குக் கிரிபத்துல உப்புக் கம்மி, டீச்சருக்கு ஏதோ கவல போல," என்பாள். மிட்வைஃப் நோனா எடை பார்த்துவிட்டு, அப்படி என்னதான் சாப்பிடுகிறாய் என்று திட்டினார். "எல்லாம் சாமிச் சாப்பாடு நோனா," என்றாளாம் இவள்.

நாலாம் மாதம் கடந்தது. ஆறும் எட்டும் கடந்தன. பங்குனியில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து போதகரம்மாவுக்குப் போன் பண்ணி, "இன்னைக்கு வண்டி இல்லங்கம்மா," என்றேன். விஷயத்தைச் சொன்னதும், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நான் பஸ்ஸில போறன்," என்றார். மூன்று சர்ச்சிலும் அறிவித்தாராம். இரத்தினபுரியில்கூடக் கைதட்டினார்களாம்.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து முதலில் மாரியம்மனிடம் போனோம். பிள்ளையைச் சந்நிதியில் கிடத்தி, சர்க்கரைப் பொங்கல் படைத்தோம். மனைவி ஒரு பெரிய டிபன் கேரியரில் பொங்கலை அள்ளி அடைத்தாள். எதற்கென்று கேட்டேன். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைல்ல?" என்றாள். படைத்ததை அவர்கள் வேண்டாமென்றால் இவள் முகம் என்னாகும்?

மறுநாள் சிங்களச் சர்ச்சின் வாசலில் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையோடு உள்ளே போனாள். யாரையும் முன்பின் பார்த்ததில்லை. நேராக முன்வரிசைக்குப் போய், "கிரிபத் டீச்சர்தானே?" என்று சிங்களத்தில் கேட்டாள். சர்ச்சே சிரித்தது. டீச்சர் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை திருப்பித் தரவில்லை.

ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் கேரியரைத் திறந்தோம். முதலில் நின்றது போதகரம்மா.

"இது படைச்சதோ?" என்றார்.

"ஆமாங்கம்மா," என்றாள் என் மனைவி. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நான் மரத்தைப் பார்த்தேன். போதகரம்மா பிள்ளையைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"இனிப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, பிள்ளை," என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மற்றவர்களும் வாங்கினார்கள். டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கைப்பையைத் திறந்தார். நாலாக மடித்த லன்ச் ஷீட்டை எடுத்து விரித்து, மிச்சப் பொங்கலை அதில் வைத்து மடிக்கத் தொடங்கினார்.

"கெதரட்டத?" என்று கேட்டேன்.

"மஹத்தயாட்ட," என்றார் டீச்சர், தலையைக் குனிந்தபடி. நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கும் கணவருக்கு.

என் மனைவி அந்த ஷீட்டை மறுபடி விரிக்கச் சொல்லி, இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.