லாரி வந்துவிட்டது என்றாள் ஜமீலா

நேற்றுக் காலை காபி ஆறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. "ஆன்ட்டி, அம்மி தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்றாள் ஜமீலாவின் மகள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஆம்பூரில் ஜமீலா நடத்திய இல்லத்தை உங்களில் பலர் அறிவீர்கள். இனிக் குணமாகாது என்று மருத்துவமனை அனுப்பிவிட்டவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம். வேலூர் கான்வென்டில் அவள் என் பக்கத்து பெஞ்சுக்காரி. "ஆஸ்பத்திரியில எழுப்பி மாத்திரை குடுப்பாங்க. நான் தூங்குறவங்களை எழுப்ப மாட்டேன்" என்பாள்.

சில வருடங்களுக்கு முன் கல்லீரல் புற்றுநோயோடு என் கணவரை அங்கே சேர்த்தேன். ஓய்வு பெறும்வரை தோல் பதனிடும் டேனரியில் மேலாளராக இருந்தவர். அந்த இல்லத்து மதியங்கள் நீருக்கடியில் இருப்பவை போலிருக்கும். பச்சைத் திரை அசையும். வேப்பநிழல் சுவரில் மிதக்கும். அந்த நிழலோடு அவரும் எங்கோ மிதந்து போய்க்கொண்டிருந்தார். அவரை என் பக்கம் இழுத்துப் பிடிப்பதே எனக்கு வேலையாக இருந்தது.

"லாரி வந்துச்சா?" என்பார்.

"நீங்க ரிடையராகி எத்தனை வருஷமாச்சு! லாரி ஏது? இன்னிக்கு வியாழக்கிழமை. நான் ஸ்டெல்லா."

அவர் போர்வையைப் பற்றி இழுத்து எழப் பார்ப்பார்.

வாசலில் நின்ற ஜமீலா கேட்டுவிட்டாள். "இன்னாடி, பரீட்சையா நடத்துற? மனுஷன் பேஜாராகுறாரு பாரு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அவர் இருக்கிற இடத்துல நீ இல்லடி. போய்ப் பாரு." கட்டிலோரம் உட்கார்ந்தாள். "லாரி வந்துடுச்சு சார். உப்புத்தோல். எங்க இறக்கட்டும்?"

"ஷெட்ல. வெயில் படக் கூடாது."

அவர் விரல்கள் போர்வையை விட்டன. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளோ வேண்டுமென்றே சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டு எனக்கு டீ அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகொரு மதியம் மழை இருட்டியது. டேனரி ஆளைப் பார்ப்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். "தோல் நனையுதுப்பா."

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். "நனையல சார். தார்ப்பாய் போட்டாச்சு."

அவர் முகம் தெளிந்தது. "போற வழியில எங்க வீட்ல சொல்லிடு. நான் வர லேட்டாகும். எனக்காக சாப்பிடாம உக்காந்திருப்பா. சாப்பிடச் சொல்லு."

"சொல்லிடறேன் சார்."

அன்று மாலை போய்விட்டார்.

ஜமீலா இல்லாதிருந்தால், நான்தான் உங்கள் மனைவி என்று அவரைத் திருத்தியிருப்பேன். அந்தச் செய்தி எனக்கு வந்து சேர்ந்தே இருக்காது. அவள் எனக்கு விட்டுச்சென்றது அதைத்தான். நேற்று அவள் வீட்டிலிருந்து திரும்பியதும், பசியில்லாவிட்டாலும், தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.