மூன்றாவது மிக்சி

காக்களூரில் இருக்கும் என் லேத்துப் பட்டறைக்கு இன்னொரு மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனபோதுதான் அந்த லோன் ஆபீசரைப் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதி. கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம். ஜாதகம் பார்ப்பவர்போல உச்சுக் கொட்டினார்.

"கிரெடிட் ஸ்கோர் பத்தல சார். தவணையில ஒரு மிக்சி வாங்கி ஒழுங்கா கட்டுங்க, ஏறிடும்."

வீட்டில் ஏற்கெனவே இரண்டு மிக்சி. இருந்தும் வாங்கினேன். தவணை தவறாமல் கட்டி முடித்துவிட்டுப் போனால், ஸ்கோர் இறங்கியிருந்தது!

"இன்னா சார் பேஜாரு இது? எதப் பாத்து மார்க் போடுறாங்கன்னு சொன்னா அதுமாதிரி நடந்துக்கினு போறேன்!"

"அந்தக் கணக்க எங்களுக்கே காட்டமாட்டாங்க சார். மிக்சி நான் ஒரு குத்துமதிப்பா சொன்னது."

பள்ளிக்கூடத்தில் நான் ஃபெயிலான ஒவ்வொரு தடவையும், எங்கே கோட்டை விட்டேன் என்று சிவப்பு மையில் சுழித்தாவது கொடுத்தார்கள். கத்துவதற்காக எழுந்தேன். அவர் முதல்முறையாகத் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் இருந்தது அவருடைய வீட்டுக் கடன் விண்ணப்பம். ஸ்கோர் போதவில்லை என்று தள்ளியிருந்தார்கள்.

"உங்களுக்கு ஏறிச்சின்னா, எப்டின்னு எனக்கும் சொல்லுங்க சார்," என்றார், மெதுவாக.

அந்த மிக்சியை அவருக்கே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கும் ஸ்கோர் இறங்குமோ என்று பயமாக இருக்கிறது.