பெயர் வெட்டும் சொர்ணத்தாய்

கோவில்பட்டிக் கடைத்தெருவில், நந்தகோபாலின் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுவது சொர்ணத்தாயின் வேலை. எவர்சில்வர் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடக்காது என்று ஆகிப்போன எண்பதுகளின் தொடக்கம் அது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவளின் கையெழுத்து குண்டு குண்டாக இருப்பதைப் பார்த்து நந்தகோபால்தான் கூப்பிட்டு, கைக்கு அடங்குகிற மோட்டார் ஒன்றைக் கொடுத்தார்.

அந்த மோட்டாரைப் போல ஒரு சனியனை அவள் கண்டதில்லை. எழுத ஓர் ஊசி, எழுதியதை அழிக்க ஒரு கல், அழித்த இடத்தைப் பளபளப்பாக்க ஒரு கம்பளிச் சக்கரம். எதை மாற்றுவதானாலும் மோட்டாரை நிறுத்தி, அதன் வாயில் சாவியைப் போட்டுத் திருகி, இருப்பதைக் கழற்றி, வேண்டியதை மாட்டி இறுக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் கழற்ற வராது. தளர விட்டால் ஊசி துள்ளி அடுத்த எழுத்துக்கு ஓடிவிடும். ஒருவழியாக ஊசியை மாட்டி முடித்தால் கரண்டு போய்விடும். நாகலாபுரத்துக்காரர் ஒருவர் மருமகன் பெயரை ஆசையாக வெட்டி வாங்கிப் போவார், சம்பந்தியோடு சண்டை போட்டுவிட்டு அழித்துத் தரச்சொல்லி வந்து நிற்பார்.

"கழத்தி மாட்டுததுலயே என் ஆயுசு போயிரும் போல" என்று அவள் புலம்பாத நாளில்லை.

அன்றைக்கு வந்தது இசக்கியப்பன், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தோளில் ஒரு குடம். அதைப் பார்த்ததுமே சொர்ணத்தாய் மோட்டாரை நிறுத்தினாள். தன் கல்யாணத்துக்கென்று கூலிக் காசில் வாங்கி, கழுத்துக்குக் கீழே தன் பெயரைத் தானே வெட்டி வைத்த குடம். அதோடு வாங்கிய அண்டாவும் தாம்பாளமும் எப்போதோ அண்ணன் வீட்டுப் புழக்கத்துக்குப் போய்விட்டன. பெண் பார்க்க ஆள் வருவதும் நின்றுபோயிருந்தது. ஆனாலும் குடம் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிற வரைக்கும் தனக்கும் ஒரு கல்யாணம் உண்டு என்றே நினைத்திருந்தாள்.

"ஏட்டி, மவளுக்குச் சீர் வைக்கணும். இந்தப் பேரை அழிச்சிட்டு, தகப்பனார் இசக்கியப்பன் அன்பளிப்புன்னு வெட்டிரு. கடம்பூர்ச் சம்பந்தி வீட்டுக்காரவிய நாளைக்குச் சாமான் பாக்க வாராவ."

"இது என் கொடம்லா அண்ணே."

"ஒனக்கு இனிமே எதுக்கு?"

விலை கேட்பது போலக் கேட்டான். அவள் ஊசியைக் கழற்றிவிட்டுக் கல்லை மாட்டினாள். கல் கோணலாக உட்கார்ந்து தடதடவென்று ஆடியது. கழற்றி மறுபடி மாட்டினாள், அப்போதும் ஆடியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மோட்டார் மேலா, அண்ணன் மேலா, யார் மேல் ஆத்திரம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கல்லைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஊசியை மாட்டினாள். தன் பெயருக்கு மேலே 'அத்தை' என்றும் கீழே 'அன்பளிப்பு' என்றும் அழுத்தி வெட்டினாள்.

"என்னட்டி செஞ்சிருக்க?" என்று கத்தினான் இசக்கியப்பன். "சம்பந்தி வீட்டுல என்னை என்ன நெனைப்பாவ?"

"நான் பாடுபட்டு வாங்குனது, நான் குடுத்ததாத்தான் போவும். பிடிக்கலைன்னா இந்தா கல்லு, இந்தா சாவி. நீயே மாட்டி அழிச்சிக்கோ."

சாவியை வாங்கியவனுக்கு அதை எந்தப் பக்கம் திருகுவதென்று தெரியவில்லை. கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியை வைத்துவிட்டு, எழுத்து வெளியே தெரியாதபடி குடத்தைத் திருப்பித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

ஜெயித்துவிட்டதாகத்தான் சொர்ணத்தாய் நினைத்தாள். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'ஒனக்கு இனிமே எதுக்கு' என்று அவன் வாயால் சொன்னதை, கல்யாணத்துக்கென்று வைத்திருந்த குடத்தின் மேல் அவள் தன் கையாலேயே எவர்சில்வரில் வெட்டிக் கொடுத்திருந்தாள்.