க்ளோசபின் கொடுத்தபோது கேட்காத கேள்வி

சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரி பார்மசி கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். இப்போது ரிடையர். அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று ஜூனியர்கள் நச்சரிக்கிறார்கள். சாதனை என்று எதுவும் இல்லை. ஒரு தப்பைத்தான் எழுதுகிறேன்.

1

ஒரு திங்கட்கிழமை காலை, க்யூவில் நின்றவர்கள் "லைன்லோ ரண்டம்மா!" (வரிசையில் வாம்மா) என்று தெலுங்கில் சத்தம் போடப் போட, கிரேஸ் முன்னால் வந்து நின்றாள். எங்கள் சபைக்காரப் பெண். அவள் கணவன் சாலமன் எலெக்ட்ரீஷியன். காதில் குரல் கேட்கும் வியாதிக்குத் திருப்பதி டாக்டர் எழுதிய க்ளோசபினை ஆறு வருஷமாக என்னிடம்தான் வாங்கிப்போகிறான்.

"அக்கா, ஒரு வாரமா மாத்திரைய முழுங்கவே இல்ல. ஒளிச்சு வெச்சிக்கினு இருந்திருக்காரு. நேத்துலேர்ந்து செவுத்தோட பேசிக்கினு இருக்காரு. அதே டோஸ இப்பவே குடுத்துடட்டா?"

"ஐயையோ, குடுத்துடாதே!"

இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் இந்த மாத்திரையைப் பழைய டோஸில் மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. பி.பி. சட்டென்று இறங்கி ஆள் விழுந்துவிடுவான். மிகச் சிறிய டோஸிலிருந்து டாக்டர்தான் ஏற்ற வேண்டும். உடனே திருப்பதிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, ஏன் நிறுத்தினான் என்று கேட்டேன்.

"எச்சி ஊத்துதுக்கா. தலகாணியெல்லாம் நனையுது. போன வார ஞாயித்துக்கெழம திருவிருந்துல கிண்ணத்துல வாய் வெச்சாரு. பக்கத்துல இருந்தவங்க குடிக்காம எழுந்து போயிட்டாங்களாம். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. அத்தோட மாத்திரைய உட்டுட்டாரு."

எங்கள் சபையில் திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம். வரிசையாக முழங்காலில் நிற்போம். ஒருவர் குடித்ததும் போதகர் ஐயர் விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் நீட்டுவார். அன்று எழுந்து போனது நான்தான்.

அது மாத்திரையின் வேலை என்று அந்தக் கோயிலில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் குமட்டியது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2

சாலமன் மூன்று வாரம் வார்டில் கிடந்தான். டாக்டர் டோஸை மாற்றி, அட்ரோபின் கண் சொட்டு மருந்தை நாக்குக்கு அடியில் விட எழுதிக்கொடுத்தார். கிரேஸ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணு படம் போட்டிருக்குதேக்கா, வாய்லயா?"

"வாயிலதான். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. மலச்சிக்கல் வந்தா பொறுத்துக்கினு இருக்காதே, டாக்டர்கிட்ட சொல்லு."

எச்சில் பாதிக்குப் பாதி குறைந்தது. இவ்வளவுதான் விஷயம். ஆறு வருஷத்தில் ஒரு தடவை நான் வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். இந்த மாத்திரைக்குக் கட்டாயமான பிளட் ரிப்போர்ட்டைப் பார்ப்பேன், மாத்திரையை எண்ணிக் கவரில் போடுவேன், அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன். அலுப்பு. வேறு சாக்கு என்னிடம் இல்லை.

அதனால் ஜூனியர்களுக்குச் சொல்கிறேன்: ரிப்போர்ட்டைப் பார்க்கிற நேரத்தில் தலையணை நனைகிறதா என்றும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சாலமன் எங்கள் சபைக்குத் திரும்பவில்லை. நான் ரிடையர் ஆகும் மாதம் மாத்திரைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் பேச்செடுத்தேன்.

"இப்ப எந்தக் கோயிலுக்குப் போற, சாலமன்?"

"திருப்பதிக்கு பஸ் ஏறிடறேன்க்கா. அங்க ஒரு சபையில ஆளுக்கொரு சின்ன கப்புல குடுக்கறாங்க." கர்ச்சீப்பால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டான். "நீங்க வந்தா கூட எழுந்து போவ வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கவரை வாங்கிக்கொண்டு, "வரேன்க்கா" என்று போனான்.