உருகாத ஒத்தடம்

ஐஸ் ஆலையில் அவரை எல்லோரும் டிகிரி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதருக்கு அந்தப் பட்டம் தெர்மாமீட்டரால் வந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று மணிக்கொரு முறை அளந்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. அது போதாதென்று குளிக்கிற தண்ணீர், வெயிலில் நின்ற பஸ்ஸின் இருக்கை, மேலாளர் குடிக்க மறந்த காபி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். எதற்கு என்று கேட்டால், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்பார்.

அந்தத் தொட்டி அறை நீளத்துக்கு இருக்கும். இயந்திரம் அதிலுள்ள தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரிக்குக் கொண்டுபோகும். உப்பு கலந்திருப்பதால் அது உறையாமல் தளதளவென்று ஓடிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களை அதற்குள் இறக்கினால் மறுநாள் டப்பாவுக்கொரு பாளம். பத்தொன்பது வருடமாக டிகிரி அந்தத் தொட்டியோடுதான் குடும்பம் நடத்துகிறார் என்பது அவர் மனைவியின் கட்சி.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நகரப் பேருந்துக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். பேருந்தை ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அன்றைக்குப் போகாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, வேனிலிருந்து இறங்கியவள் இன்னொரு படி இருக்கிறதென்று நினைத்து வெறும் காற்றில் காலை வைத்தாள். பிசகியது இடது கணுக்கால். கிளட்ச் மிதிக்கிற கால்.

எலும்பு முறியவில்லை, தசைநார்தான் என்றார் மருத்துவர். காலை உயர்த்தி வைத்து, ஐஸைத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கச் சொன்னார். ஐஸுக்கு அந்த வீட்டில் பஞ்சமா? டிகிரி ஒரு பாளத்தையே உடைத்துக் கொண்டுவந்தார். துண்டு நனைந்தது, பாய் நனைந்தது, கட்டிகள் கணுக்காலில் ஒட்டாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டன. வைத்த கொஞ்ச நேரத்தில் பாதி தண்ணீர்.

டிகிரிக்கு அது பொறுக்கவில்லை. ஐஸ் செய்கிறவனுக்கு உருகல் என்றால் சேதாரம். இரவெல்லாம் யோசித்தார். காலைப் பணி முடிந்ததும் தொட்டியிலிருந்தே உப்புத் தண்ணீரைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் மொண்டு, வாயைக் கட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பை தலையணை போலக் கணுக்காலைச் சுற்றி அழகாக வளைந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரு மெல்லிய கைக்குட்டை. பையின் மடிப்பில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தார். பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. ஒரு சொட்டு சிந்தவில்லை.

எரிகிறது என்றாள் மனைவி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு குத்துகிறது என்றாள். பிறகு, வலியே தெரியவில்லை என்றாள். டிகிரிக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று பதினைந்து நிமிடத்தை இருபத்தைந்து ஆக்கினார்.

பையை எடுத்தபோது கணுக்காலின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து, மெழுகு பூசியதுபோல் இருந்தது. தொட்டால் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்த இடம் சிவந்து கொப்புளமாக எழும்பியது.

"கட்டின பொண்டாட்டியையே பாளம் போடப் பாத்தீங்களே" என்றாள். சிரிக்கவில்லை. இனி தன் காலைத் தொடக் கூடாது என்றும் சொன்னாள்.

மருத்துவமனையில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டார்கள். கணுக்காலைப் பார்த்த பிசியோதெரபிப் பெண், பையில் என்ன இருந்தது என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, டிகிரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணா, ஐஸ் உருகுதேன்னு கவலைப்பட்டிருக்கீங்க. உருகிட்டிருக்கிற வரைக்கும் அது பூஜ்யத்துலயே நிக்கும், அதுக்குக் கீழ போகாது. உருகுறதுதான் தோலுக்குக் காவல். நீங்க கொண்டுபோன உப்புத் தண்ணி பூஜ்யத்துல நிக்காம அதுக்குக் கீழயே இருந்திருக்கு."

அன்றைக்கு ஆலையில் டிகிரி ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் ஐஸ் துண்டுகளும் போட்டுக் கலக்கிக்கொண்டே தெர்மாமீட்டரை வைத்திருந்தார். பூஜ்யம். பத்து நிமிடம் கழித்தும் பூஜ்யம். கடைசிச் சில்லு காணாமல் போன பிறகே முள் மெல்ல மேலே நகர்ந்தது. பத்தொன்பது வருடம் தண்ணீர் எப்படி ஐஸ் ஆகிறது என்று அளந்தவர், ஐஸ் எப்படித் தண்ணீர் ஆகிறது என்று ஒரு நாளும் அளந்ததில்லை. மூன்று தரம் செய்து பார்த்தார். பாளம் இழுக்கிறவர்கள், டிகிரிக்கு மறை கழன்றுவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதற்குள் மனைவியின் அக்கா போன் செய்து, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் எல்லாம் பறந்துவிடும் என்றாள். டிகிரி உடனே சரி என்று சொல்லவில்லை. பிசியோ பெண்ணிடம் போய்க் கேட்டார். வீக்கம் இருக்கும்போது சூடு வைத்தால் இன்னும் வீங்கும், வீக்கம் வடிந்து மூட்டு இறுகிக் கிடக்கும்போது இதமான சூடு நல்லது, ஆனால் கொப்புளம் ஆறி, தொட்டால் உணர்வு திரும்பிய பிறகுதான் என்றாள் அவள். எத்தனையாவது நாள் என்று கேட்டார். நாள் கணக்கு கிடையாது, காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாள். குளிரும் சூடும் வலியைத்தான் அடக்கும், குணமாவது மெல்ல மெல்ல அசைத்து நடப்பதால் என்றும் சொன்னாள். எண் இல்லாத பதில் டிகிரியை இரண்டு நாள் அரித்தது.

மனைவி தானாகவே பாதத்தை மேலும் கீழும் அசைத்தாள், சுவரைப் பிடித்து நடந்தாள். அவரை அருகில் விடவில்லை. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டால், "உங்களுக்கு எதுக்கு அது" என்பாள். பதினோராம் நாள் வீக்கம் வடிந்து, கொப்புளம் காய்ந்து புதுத்தோல் வந்தது. பஞ்சால் தொட்டாலும் தெரிந்தது. பிசியோ பெண் சரி என்ற பிறகு டிகிரி வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொடுத்தார். மனைவி முதலில் அவருடைய காலைப் பத்து நிமிடம் உள்ளே வைக்கச் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் தன் காலை வைத்தாள்.

தேர்வன்று மைதானத்துக்குள் மற்றவர்களை விடவில்லை. டிகிரி மதில் சுவருக்கு வெளியே நின்றார். பேருந்தை மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். கிளட்சைப் பாதியில் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் அது. என்ஜின் சத்தம் தணிந்தது. திணறியது. செத்துவிட்டது என்று நினைத்தார். சாகவில்லை, உறுமிக்கொண்டு மேலே ஏறியது.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் கையில் தேறியதற்கான சீட்டு இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி பணிமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டிகிரி கேள்வியை விழுங்கிக்கொண்டு கூடவே நடந்தார். அவள்தான் ஆரம்பித்தாள்.

"மேட்டுல நிறுத்தினப்ப, வலி கணுக்கால்ல இல்லீங்க. குதிகால்லருந்து கெண்டைக்காலுக்கு ஏறிச்சு, சூடா ஒரு கம்பி மாதிரி."

பஸ் நிறுத்தம் வரும்வரை அவள் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டே நடந்தார்.